ராயபுரத்திலிருந்து சிறைவாசல் வரை

இரவு முழுவதும் இரயிலில் அரைத்தூக்கமாய்க் கழித்து, பொழுது புலர்கிற வேளையில் திருப்பூரில் இறங்கி, நிலையத்துக்கு அண்மையில் இருக்கும் குமரன் நினைவிடத்தின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு, அங்கிருந்து ராயபுரத்தை நோக்கி நான் கால்நடையாகப் புறப்பட்டபோது, அந்தச் சனிக்கிழமைக் காலையில் ஊர் எனக்கு முன்பே எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தூக்குப்போசியைக் கையில் மாட்டிக்கொண்டு கூட்டங்கூட்டமாகச் செல்லும் பெண்கள், டீக்கடை வாசலில் இந்தியிலும் ஒடியாவிலும் பேசிக்கொண்டு நிற்கும் இளைஞர்கள், மொபெட்டின் முன்னும் பின்னும் துணி உருளைகளை ஏற்றிக்கொண்டு சந்துகளில் லாகவமாய்ப் புகுந்து செல்பவர்கள் என்று தெருவெங்கும் ஒரே சுறுசுறுப்பு. மாடியில் குடித்தனமும் கீழே தையல் மிஷின்களுமாக இருக்கும் கட்டடங்களிலிருந்து அயர்ன் பெட்டியின் நீராவி மணம் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அங்கே சம்பள நாள் என்பதனாலோ என்னவோ, நடப்பவர்களின் முகத்தில் மற்ற நாட்களில் காணாத ஒரு தெளிவு இருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

குமரன் நினைவிடத்தின் முன் நான் நின்றது வெறும் மரியாதைக்காக மட்டுமன்று. 1932-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி இந்த ஊர்த் தெருவில் தேச விடுதலைக்காக ஊர்வலம் சென்றவர்கள்மேல் விழுந்த தடியடியில் மண்டை பிளந்து, மறுநாள் உயிர் நீத்த அந்த 27 வயது இளைஞனை அடித்தவர்கள் அந்த அடியினால் ஊரை அச்சுறுத்தி அடக்கிவிடலாம் என்றே எண்ணியிருப்பார்கள். நடந்ததோ நேர்மாறு. சிட்சை என்பது மனிதனை எப்போது தடுக்கிறது, எப்போது தடுப்பதில்லை என்னும் கேள்வியை நெடுநாளாக மனத்தில் சுமந்துகொண்டிருப்பவன் நான். ஏதேனும் ஒரு கொடுங்குற்றம் செய்தித்தாளில் வந்தவுடனே, நல்ல உள்ளம் படைத்தவர்கள்கூட, "நாலு பேரைத் தூக்கில் போட்டால்தான் நாடு திருந்தும்" என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம், அவர்களுடைய ஆத்திரத்தின் நியாயத்தை உணர்ந்தும், அவர்களுடைய முடிவை ஏற்க மனம் இசையாமல் தவித்திருக்கிறேன். ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவர், "நீங்க புஸ்தகத்துல தேடறது எங்க ஊர்ல தெருவுலயே கெடக்குதுங்க, வந்து பாருங்க" என்று எழுதியிருந்தார். அந்த அழைப்பே இந்தப் பிரயாணத்துக்குக் காரணம்.

நண்பருடையது பெரிய ஸ்தாபனம் அன்று. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கம்பெனி. ஓவர்லாக்கும் பேட்லாக்குமாக முப்பது நாற்பது மிஷின்கள் ஓடுகிற கூடத்தின் கடைசியில் செக்கிங் மேஜைகள் இருந்தன. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்த நடுத்தர வயதுப் பெண்மணி, நான் எதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்பதை அறிந்துகொண்டதும், பூட்டி வைத்திருந்த அலமாரியைத் திறந்து, கனமான நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னே விரித்தார். கணக்குப் புத்தகம்தான். ஆனால் அதில் எழுதப்பட்டிருந்தது பணமன்று, உடைந்த ஊசிகள். தேதி, மிஷின் எண், டெய்லரின் பெயர், இவற்றுக்கு நேராக, அன்று முறிந்த ஊசியின் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி, கண்ணாடிபோல் தெரியும் செல்லோ டேப்பினால் ஒட்டி வைத்திருந்தார்கள். சில ஊசிகள் இரண்டு துண்டு, சில மூன்று. ஒரு பக்கத்தில் மட்டும், மேலிரண்டு துண்டுகளும் இருக்க, கீழே முனைக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டு, அதன் பக்கத்தில் சிவப்பு மையில் "முனை கிடைக்கவில்லை" என்றும், அதற்குக் கீழே, அன்று தைத்த உருப்படிகள் அனைத்தும் மறுபடியும் மிஷினில் ஓட்டப்பட்டன என்றும் குறிக்கப்பட்டிருந்தது.

சீமையில் ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப்போகும் சட்டையில் ஊசிமுனை தங்கிவிடக் கூடாது என்பதற்காக, தைத்து முடித்த ஒவ்வோர் உருப்படியையும் உலோகம் காட்டும் கருவியின் வாய்க்குள் அனுப்பி எடுக்கிறார்கள். ஊசித்துண்டு இருந்தால் கருவி அலறி நின்றுவிடுகிறது. "ஊசி உடைந்ததை மறைத்தால் என்னம்மா அபராதம்?" என்று கேட்டேன்.

"அபராதமே இல்லீங்க ஐயா. முன்னெல்லாம், நான் சின்னப் புள்ளையா வேலைக்கு வந்த கம்பெனியில, ஊசி ஒடைஞ்சா கூலியில புடிப்பாங்க. அப்ப ஆருங்க கொண்டாந்து குடுப்பா? துண்டை சன்னல் வழியா வீசிப்போட்டு, சொந்தக் காசுல புது ஊசி வாங்கி மாட்டிக்குவோம். நானே வீசியிருக்கேனுங்க. இப்பப் புடிக்கறதில்லை. ஒடைஞ்ச துண்டைக் குடுத்தாத்தான் புது ஊசி. குடுக்காம எங்கீங்க போறது? மிஷினு காட்டிக் குடுத்துருமல்லங்க?"

அந்த அம்மையார் பள்ளிக்கூடம் எவ்வளவு படித்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் 1764-ஆம் ஆண்டில் மிலான் நகரத்து பெக்காரியா என்னும் இளைஞர், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதி ஐரோப்பாவின் அரசவைகளையெல்லாம் கலக்கியபோது நிலைநாட்ட முயன்ற பிரமேயம் எதுவோ, அதையே இவர் ஊசியைக் கொண்டு எனக்கு விளக்கினார். சிட்சை எவ்வளவு கொடியது என்பதைக் காட்டிலும், அது எவ்வளவு நிச்சயமானது, எவ்வளவு விரைவில் வருவது என்பதே மனிதனைத் தடுக்கிறது. அகப்படமாட்டோம் என்று நம்புகிறவனுக்கு ஆயுள் தண்டனையும் தூக்கும் வெறும் எழுத்துக்கள் என்பது அந்தப் பிரமேயத்தின் சாரம். கூலியைப் பிடித்தபோது மறைத்தவர்கள், மறைக்க வழியில்லை என்றானபோது, தாமாகவே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அச்சம் இருக்கத்தான் செய்கிறது. தண்டனையைப் பற்றிய அச்சமாக இருந்தது, மறைத்தது வெளிப்பட்டுவிடும் என்னும் அச்சமாக இடம் மாறியிருக்கிறது.

இதன் மறுபக்கத்தை டென்மார்க் தேசம் ஒரு முறை அனுபவித்தது. 1944-ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர், அங்கிருந்த போலீஸ் படையையே கைது செய்துவிட்டார்கள். அகப்பட்டவர்களுக்குச் சிட்சை கூடியதே அன்றிக் குறையவில்லை. நியாயஸ்தலங்களும் சிறைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. பிடிப்பதற்குத் தக்க ஆள் மட்டும் இல்லை. கோபன்ஹேகனில் கொள்ளையும் திருட்டும் பன்மடங்கு பெருகின. ஆனால், செய்தவன் இன்னான் என்று தானே தெரிந்துவிடுகிற மோசடி, கையாடல் போன்ற குற்றங்கள் அவ்வாறு பெருகவில்லை என்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டுவார்கள். யுத்தகாலத்து வறுமையும் குழப்பமும் இதில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதைப் பிரித்துச் சொல்வது கடினமானாலும், அடிப்படைச் செய்தி மறுக்க முடியாதது என்பதே என் அபிப்பிராயம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நண்பர் என்னைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு நொய்யலின் கரையோடு கிழக்கே அழைத்துச் சென்றார். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தழுவி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் இந்தச் சிற்றாற்றைப்போல ஒரு வழக்கின் பொருளாகி நீண்ட காலம் நியாயஸ்தலத்தில் நின்ற ஆறு தமிழ்நாட்டில் வேறொன்று இருக்கிறதா என்பது சந்தேகமே. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே ஓர் அணை எழுந்தது. அதில் வந்து தேங்கியதோ திருப்பூரின் சாயப்பட்டறைகள் கழித்துவிட்ட நீர். உப்பும் சாயமும் கலந்த அந்த நீர் வாய்க்காலில் பாய்ந்து, கிணறுகளில் ஊறி, தென்னையைக் கருக்கி, மாடுகளின் வாயையும் கெடுத்தபோது, அணைக்காக ஏங்கியிருக்க வேண்டிய விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று மன்றாடும் விபரீதம் நேர்ந்தது.

இதற்குச் சட்டம் இல்லாமலா இருந்தது? 1974-ஆம் ஆண்டே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. விதியை மீறிக் கழிவை ஆற்றில் விடுகிறவனுக்கு, பிற்காலத் திருத்தத்தின்படி, ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் ஆறு ஆண்டு வரை சிறைவாசம் என்று அதில் எழுதியே இருந்தது. ஆறு ஆண்டுச் சிறை என்பது அற்ப சிட்சையா? பட்டறை முதலாளி ஒருவர் ஒரே ஓர் ஆண்டு உள்ளே இருந்தால்கூடத் தொழிலும் மானமும் போய்விடும். அப்படியிருந்தும் ஆறு, பட்டறைகளில் அன்றைக்கு எந்தச் சாயம் தோய்த்தார்களோ அந்த நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிறை எவர் வாசலுக்கும் வரப்போவதில்லை என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு விவசாயிகளின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒரு வழி கண்டது. சுத்திகரிக்காமல் வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 காசு, பிறகு 8 காசு, அதன் பிறகு 10 காசு என்று அபராதம் ஏறிக்கொண்டே போகும். குறித்த கெடுவுக்குள் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாத நிலையை எட்ட வேண்டும் என்பது உத்தரவு. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எண்ணிக்கையில் காசாகத் தோன்றினாலும் லட்சக்கணக்கான லிட்டருக்கு அது பெருந்தொகைதான். ஆயினும் அபராதத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. அது நாளடைவில் விலையாக மாறிவிடும். கொடுத்துவிட்டால் செய்யலாம் என்னும் எண்ணம் மனத்தில் புகுந்தபின், செய்வது குற்றம் என்னும் கூச்சம் போய், அது செலவுக் கணக்கில் ஓர் இனமாகிவிடுகிறது. ஆறு தெளியவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி உயர்நீதிமன்றம், எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின்சாரத்தைத் துண்டிக்கும்படி ஆணையிட்டது. அதன்பின் நடந்தது வேறு கதை. கழிவுநீரை வடிகட்டி, காய்ச்சி, உப்பைப் பிரித்து, நீரை மறுபடியும் பட்டறைக்கே திருப்பும் முறைகள் வந்தன. அவற்றுக்கு இணங்கியவர்களுக்கே கதவு திறந்தது. எவரையும் சிறைக்கு அனுப்பாமலே, ஆறு ஆண்டுச் சிறை செய்ய முடியாததை, மின்கம்பத்தில் அறுத்த ஒரு கம்பி செய்தது. கம்பி அறுபட்டால் பட்டறை ஓடாது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் நான் இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிப் போக விரும்பவில்லை. அந்த மூடலில் பல்லாயிரம் தொழிலாளிகள் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். விதியை மீறாமல் நடந்தவனும் மீறினவனோடு சேர்ந்தே மூடினான். பெருமுதல் இல்லாத சிறு பட்டறைக்காரர்கள் பலர் மறுபடி எழவேயில்லை. முப்பது ஆண்டுக் காலம் அன்றாடம் கிடைத்திருக்க வேண்டிய சிறு சிறு சிட்சைகள் கிடைக்காமற்போனதனாலேதான், கடைசியில் ஊர் முழுவதன்மேலும் ஒரே பேரிடி விழ வேண்டியதாயிற்று. இன்றும் கண்ணுக்கு மறைவான இடங்களில் கள்ளத்தனமாகச் சாயம் தோய்ப்பவர்கள் அவ்வப்போது பிடிபடுகிறார்கள் என்று நண்பர் சொன்னார்.

ஒரத்துப்பாளையத்துப் பக்கம், நண்பரின் உறவினரான முதிய விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் எங்களை வரவேற்று, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். பரணில் ஐந்தாறு கண்ணாடிப் பாட்டில்கள் தூசு படிந்து நின்றன. வழக்கு நடந்த காலத்தில், கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதற்காக, வாய்க்காலில் வந்த தண்ணீரை அவர் பிடித்து வைத்தவை அவை. "ஒண்ணொண்ணும் ஒரு நாளுங்க" என்று ஒன்றை எடுத்து வேட்டி முனையால் துடைத்தார். மேலே தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்துவிட்டிருந்தது. அடியில் விரற்கடை உயரத்துக்கு, கத்தரிப்பூ நிறமும் கறுப்பும் கலந்த வண்டல் இறுகிப்போய், பாட்டிலைச் சாய்த்தபோதும் அசையாமல் நின்றது. "ஏனுங்க ஐயா, அவங்களை ஜெயில்ல போட்டிருந்தா உங்களுக்குச் சந்தோஷமா இருந்திருக்குமா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "எனக்கு ஆரும் ஜெயிலுக்குப் போக வேண்டாமுங்க. மொதத் தடவை தண்ணி கலங்குன அன்னைக்கே ஒரு ஆப்பீசர் வந்து, ஏண்டா விட்டேன்னு அவனைக் கேட்டிருந்தாப் போதுமுங்க" என்றார்.

அன்றிரவு ராயபுரத்தில், மொட்டை மாடியில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருக்கையில், பேச்சு பாசி வழக்குக்குச் சென்றது. அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் போட்டுப் பெருலாபம் தருவதாகச் சொல்லித் திருப்பூரிலிருந்து நடந்த நிதி நிறுவனம் பாசி. 2009-இல் அது குலைந்தபோது டெபாசிட்தாரர்கள் இழந்த தொகை 900 கோடி ரூபாய்க்கும் மேல். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த அந்த வழக்கில், 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் இருவருக்குத் தலைக்கு 27 ஆண்டுச் சிறையும், 171 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அபராதமும் விதித்தது. 27 ஆண்டு என்பதைக் கேட்கும்போது நெஞ்சு திடுக்கிடத்தான் செய்கிறது. ஆயினும் குற்றத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே சென்ற 13 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். திருப்பூரின் கண்ணீர் காய்வதற்கு முன்பே, பக்கத்து ஊரான பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பு என்னும் பெயரில் ஜனங்களின் பணம் மறுபடியும் திரண்டு, 2012-இல் அதுவும் குலைந்தது. நிதி நிறுவன மோசடிகளைத் தடுக்கவென்றே தமிழ்நாட்டில் 1997-இல் தனிச் சட்டம் வந்திருந்தும் இந்த நிலை. மோசம் செய்ய எண்ணுகிறவனின் கண்ணுக்கு முன்னே நிற்பது 13 ஆண்டு கழித்து வரக்கூடும் தீர்ப்பா, அடுத்த மாதம் வரப்போகும் டெபாசிட்டா? பிள்ளையின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை இழந்த தாய்க்கும், 27 ஆண்டு என்னும் எண்ணைக் காட்டிலும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு திரும்பி வருவதே நீதியாகத் தோன்றும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கோயம்புத்தூர் சென்றேன். காந்திபுரத்துக்கு அருகில், 1872-இல் ஏற்பட்ட மத்திய சிறையின் மதில் நெடுந்தூரம் ஓடுகிறது. அதை ஒட்டி நடக்கும்போது எந்தத் தமிழனுக்கும் முதலில் நினைவு வருவது செக்குத்தான். 1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு விதித்தது இரட்டைத் தீவாந்தர சிட்சை. மேல் விசாரணையில் அது குறைக்கப்பட்டும், கோவைச் சிறையில், மாடு இழுக்கும் செக்கை அந்தக் கப்பலோட்டிய கைகள் வெயிலில் இழுத்தன. ஒருவரை வதைத்து ஊரை நடுங்க வைப்பது என்னும் சித்தாந்தத்துக்கு அதைவிடப் பெரிய பரீட்சை நம் தேசத்தில் நடந்ததில்லை. அவரோ சிறைவாசத்திலேயே நூல்கள் இயற்றிக்கொண்டு, உடல் நைந்து, உள்ளம் நையாமல் 1912 டிசம்பரில் வெளியே வந்தார். தான் செய்தது குற்றம் என்று மனச்சாட்சி ஒப்பாதவனைச் சிட்சை திருத்துவதில்லை. ஊரும் அவன் பக்கம் நின்றுவிட்டால், சிட்சையின் களங்கம் விதித்தவன்மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கொடுங்கோன்மைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அத்தோடு அமையாமல், குடிகள் வெருவும்படி நடவாதிருத்தல் பற்றியும் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, அதில் ஓங்கும் வேகம் விழும் அடியில் வேண்டாம் என்று அரசனுக்கு அறிவுறுத்தியதன் ஆழத்தை அந்த மதிலடியில் நின்றபோது உணர்ந்தேன்.

சிறைவாசலில் மனு பார்க்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். சிறையில் இருப்பவரைச் சந்திப்பதற்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் 'மனு'. பிஸ்கட் பொட்டலமும் துவைத்து மடித்த சட்டையுமாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தியிடம், "மகனுக்கு எத்தனை வருஷம் தண்டனை அம்மா?" என்று கேட்டேன். "தண்டனையெல்லாம் இன்னும் போடலீங்க சாமி, கேஸு நடக்குது" என்றாள். அவள் மகன் விதிவிலக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல்! குற்றவாளி என்று தீர்ப்பாகாதவன் உள்ளே இருக்கிறான். குற்றம் செய்தவர்களில் பலர் பிடிபடாமல் வெளியே இருக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒருங்கே காணும் ஊர்ச் சிறுவன், சிறை என்பது குற்றத்தின் பலன் என்று எவ்வாறு கற்றுக்கொள்வான்? அது துரதிர்ஷ்டத்தின் பலன் என்றே கற்றுக்கொள்வான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையில், சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள். அது ஏட்டோடு நின்றுவிடாமல் நியாயஸ்தலங்களில் வழங்கத் தொடங்குமானால், மர நிழலில் காத்திருக்கும் தாய்மார்களில் சிலரேனும் வீட்டில் இருப்பார்கள்.

நஞ்சப்பா சாலையில் கைதிகளே நடத்தும் பெட்ரோல் நிலையத்தையும் பார்த்தேன். நன்னடத்தை உடையவர்களாய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட தண்டனைக் கைதிகள், நாளெல்லாம் பணத்தைக் கையாண்டு, மதிலுக்கு வெளியே, திறந்த சாலையின் ஓரத்தில் நிற்கிறார்கள். ஓட நினைத்தால் தடுக்க விலங்கில்லை. ஸ்கூட்டரில் வந்த பெண்ணொருத்திக்குச் சில்லறையை எண்ணி இரண்டு கையாலும் கொடுத்தார் ஒருவர். அந்த இரண்டு கை என்னை என்னவோ செய்தது.

திரும்பும் பஸ்ஸில், திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உடுமலைப்பேட்டையின் நினைவு வந்து வாட்டிற்று. 2016 மார்ச் 13-ஆம் தேதி, சாதி மாறி மணந்தார் என்பதற்காக, சங்கர் என்னும் மாணவர் பட்டப்பகலில், கடைத்தெருவில், கேமராவின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுட்சிறையாக்கியது. அத்தகைய கொலைகள் நின்றுவிட்டனவா? இல்லை. செய்தவனைச் சாதிப் பெருமை பேசித் தூக்கி வைத்துக்கொள்ள ஊரில் நாலு பேர் இருக்கும்வரை, தூக்குமரத்தின் நிழல் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறு கொலைகளின் விஷயத்திலும் தூக்குக்குத் தனி மகிமை இருப்பதாகச் சரித்திரம் காட்டவில்லை. நாகர்கோவிலும் தக்கலையும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1944-இல் மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள். இந்திய யூனியனின் சட்டம் வரும்வரை சில ஆண்டுகள் அந்தத் தமிழ் மண்ணில் தூக்கு இல்லை. அதனால் கொலைகள் பெருகிவிடவும் இல்லை. 2015-இல் மத்திய சட்ட ஆணையம் தன் 262-ஆவது அறிக்கையில், ஆயுட்சிறையைக் காட்டிலும் தூக்கு அதிகம் தடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்றே கூறி, பயங்கரவாதமும் நாட்டின்மேல் போர் தொடுத்தலும் நீங்கலாக மற்றவற்றுக்கு அதை ஒழித்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. தூக்கு வேண்டும் என்பவர்களின் துக்கத்தை நான் இலேசாக எண்ணவில்லை. அந்தத் துக்கத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது, அடுத்த கொலையைத் தடுக்கிற வழி.

ராயபுரம் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தே முக்கால். நண்பரின் கம்பெனியில் மறுநாள் அனுப்ப வேண்டிய சரக்குக்காக எல்லாரும் ஒன்றரை ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அயர்ன் மேஜையில் நின்றிருந்தவரைப் பற்றி நண்பர் முன்னமே தனியே சொல்லி, பேசுவதற்கு அவருடைய சம்மதத்தையும் வாங்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இளமையில், வாய்க்கால் வரப்புச் சண்டையொன்றில், கையிலிருந்ததை ஓங்கிவிட்டு, ஆயுள் கைதியாய்ப் பல ஆண்டு உள்ளே இருந்தவர்.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணா, வெளிய நின்னு பேசலாமுங்க" என்று தெருவுக்கு வந்தார். டீக்கடையில் இரண்டு டீ சொன்னார்.

"தண்டனை கெடைக்குமேன்னு அந்த நேரத்துல தோணலையான்னு எல்லாரும் கேப்பாங்க. தோணுனா ஓங்குவமுங்களா? உள்ள போயி மொத ஒரு வருசம், ரெண்டு வருசம் தண்டனைங்க. தினமும் அழுவேன். அப்பறம் அது பழக்கமாயிருச்சுங்க. பத்து வருசம் வெச்சிருந்தாலும் பதினஞ்சு வருசம் வெச்சிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். வெளிய உக்காந்திருந்த எங்கம்மாவுக்குத்தான் ஒவ்வொரு வருசமும் புதுசுங்க" என்றார்.

வெளியே வந்தபின் மறுபடியும் வழி தவறாமல் நிற்க எது உதவியது என்று கேட்டேன். "ஊருக்குள்ள போனா எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. பஸ் ஏறி இங்க வந்துட்டேன். இந்த ஊர்ல எங்க இருந்து வந்தேன்னு ஆரும் கேக்கலீங்கண்ணா. அயர்ன் புடிக்கத் தெரியுமான்னு மட்டுந்தான் கேட்டாங்க. தெரியாதுன்னேன். கத்துக்கன்னாங்க."

பக்கத்துக் கோயிலில் மணி அடித்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு, கையிலிருந்த டீயைக் குடிக்காமல், தெருவை மேலும் கீழும் பார்த்தார். மணி ஆறு. சிறையில் அந்த வேளைக்குத்தான் ஆளை எண்ணி உள்ளே அனுப்பிப் பூட்டைப் போட்டு, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துத் தட்டிப் பார்ப்பார்களாம். அந்தச் சத்தம் வரிசையாய், கொட்டடி கொட்டடியாய், தன்னை நோக்கி வரும் என்றார். வெளியே வந்த நாள் முதல், எவ்வளவு அவசரச் சரக்காக இருந்தாலும், ஆறு மணிக்கு அவர் கூரைக்குக் கீழே நிற்பதில்லை. கன்டெய்னர் வாசலில் நின்றாலும் நண்பர் அவரைத் தடுப்பதில்லை.

தெருவிளக்கு எரிந்தது. ஷிப்டு முடிந்த பெண்கள் தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கடைக்காரரிடம் கொடுத்து, எனக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டு, "வரட்டுங்களாண்ணா, இன்னும் நானூறு பீஸ் கெடக்குது" என்று அவர் உள்ளே போனார்.